சூயஸ் கால்வாயும் எங்கள் பின்வளவுக் குழியும்

கல்முனைக்குடி,
30.11.1956, வெள்ளிக்கிழமை.

அன்பும் மதிப்புமுள்ள ஸமட் மாமா அவர்களுக்கு மருமகள் ஜுனைதா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே வாப்பாவும் உம்மாவும் நானும் சுகம். கொழும்பில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் துஆ. கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் தொடங்கியிருக்கிறேன். உம்மா சுகம் என்பது உண்மை. வாப்பா சுகமா என்பதை, கீழே எழுதியிருப்பதை வாசித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். என் சுகம் வருகிற வியாழக்கிழமையின் கையில் இருக்கிறது.

அன்று காலை மட்டக்களப்புக் கல்விக் கந்தோரில் எனக்கு நேர்முகப் பரீட்சை. ஒரு பெண்கள் பாடசாலையில் ஆசிரியை வேலை. என்னைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லி வாப்பாவிடம் நாள் கணக்காக வாதாடியவர் நீங்கள்தான் என்பதால் இந்தச் செய்தியை உங்களுக்கு முதலில் எழுதினேன். நீங்கள் சந்தோஷப்பட்டு வாப்பாவுக்கும் எழுதினீர்கள். வாப்பாவும் சந்தோஷப்பட்டார். "போகலாம் மகள். பஸ்ஸில வேணாம், நம்மட கார்ல நானே கொண்டு போறன்" என்று சொன்னார். இது ஐப்பசியில் கொடுத்த வாக்கு. அதற்குப் பிறகு சூயஸ் கால்வாயை மூடிவிட்டார்கள். நான் பத்திரிகை வாசிக்கிறவள். கால்வாய் மூடியது பொய் என்று சொல்லவில்லை. கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றி வருகின்றன என்பதையும் நம்புகிறேன். ஆனால் அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து வாப்பா நடந்துகொள்கிற முறையைப் பார்த்தால், கால்வாயை மூடியது யாராக இருந்தாலும் அவர்கள் வாப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மூடியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

முதலில் பெற்றோல் ஷெட்டில் கண்டதைச் சொல்கிறேன். என் சான்றிதழ்களின் பிரதிகளில் கையொப்பம் வாங்கக் கல்முனைக்குப் போய்த் திரும்பும் வழியில் வாப்பா காரைச் சந்தி ஷெட்டுப் பக்கம் திருப்பினார். நானும் உம்மாவும் பின் ஆசனத்தில் இருந்தோம். நம் பழைய ஒஸ்டின் காரின் பின் கண்ணாடிகளுக்கு உம்மா தன் பழைய சேலையைக் கிழித்துத் திரை தைத்திருக்கிறா என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் திரையில் ஒரு பொத்தல் உண்டு. நான் உலகத்தைப் பார்த்ததில் பாதி அதன் வழியாகத்தான். அன்று பார்த்தபோது ஷெட்டிலிருந்து தபால் கந்தோர் வரைக்கும் வரிசை. வாகனம் வைத்திருப்பவர்கள் அதில் சிலர்தான். சைக்கிள்காரர்கள் நின்றார்கள். தையல்காரர் ஒருவர் சோடாப் போத்தல் இரண்டோடு நின்றார். ஒருவர் கையில் தேத்தண்ணிக் கேத்தல் இருந்தது. மாட்டு வண்டிக்காரர் ஒருவர் மாட்டையும் வண்டியையும் வரிசைக்குள்ளேயே நிறுத்தியிருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவருக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன காக்கா, மாட்டுக்கா பெற்றோல்?"

"மாட்டுக்கு என்னத்துக்குப் பெற்றோல். எனக்கு."

"உங்களுக்கு என்னத்துக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் வெயில்ல நிக்கிறன். இவ்வளவு சனம் நிக்கிதெண்டா ஏதோ ஒண்டு இரிக்கித்தானே."

ஷெட்டில் பெற்றோல் அடிக்கிற குணம் ஒரு கையால் பம்பைச் சுற்றிக்கொண்டே மறு கையால் விலைப் பலகையில் சோக்கட்டியால் எழுதியதை அழித்து எழுதிக்கொண்டிருந்தான். வரிசையின் தலையில் நின்றவருக்கு ஒரு விலை, வாலில் நின்றவருக்கு இன்னொரு விலை. வாப்பா இறங்கிப் போய்க் கேட்டார்.

"குணம், இது என்ன ஞாயம்? நான் வந்து நிக்கக்குள்ள ஒரு விலை, இப்ப ஒரு விலை."

"சூயஸ் மூடிட்டுதாம் அண்ணன். நான் என்ன செய்யிற."

"உண்ட தொட்டிக்குள்ள கிடக்கிறது போன மாசம் வந்த பெற்றோல். அதுக்கு சூயஸ் மூடினதெண்டு ஆரு சொன்ன?"

"அதுக்குத் தெரியா அண்ணன். எனக்குத் தெரிஞ்சிட்டுதே."

வாப்பா முணுமுணுத்துக்கொண்டே காரின் தொட்டியை நிரப்பினார். பக்கத்தில் ஒருவன் வெறும் மண்ணெண்ணெய்த் தகரங்களை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தான். தகரத்தின் விலை பெற்றோலை விட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. வாப்பா அதிலும் ஒன்று வாங்கி அதையும் நிரப்பினார். நான் அன்று திரைக்குள்ளே இருந்து சந்தோஷப்பட்டேன் மாமா. வியாழக்கிழமைக்குப் பெற்றோல் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அதன் பிறகு வாப்பா தனியாகப் போகத் தொடங்கினார். போகும்போது காரின் பின்பக்கம் காலி, வரும்போது சாக்கால் மூடிய தகரம். அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. நெல் அறையில் இல்லை, கார்க் கொட்டிலில் இல்லை, கட்டிலுக்குக் கீழே உம்மாவின் மருதமுனைப் பாய்களைத் தவிர ஒன்றும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போன திங்கட்கிழமை வாப்பா என்னைக் கார் அடிக்குக் கூப்பிட்டு, தென்னை ஈர்க்கு ஒன்றைப் பெற்றோல் தொட்டிக்குள் விட்டு எடுத்துக் காட்டினார்.

"பார் மகள், நுனிகூட நனையல்ல. நாட்டில பெற்றோல் இல்ல. என்ன செய்யிறெண்டு யோசிக்கிறன்."

"ஓம் வாப்பா" என்றேன். தகரங்களை நான் கண்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேராதனையில் இருந்த காலமெல்லாம் விரிவுரையாளர்களிடம் "ஓம் சேர்" என்று மட்டும் சொல்லிப் பட்டம் வாங்கியவள் நான். கேள்விகள் எல்லாம் எனக்கு இரவு பாயில் படுத்த பிறகுதான் வாய்க்கு வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

இனித்தான் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு முன் ஒரு நாள், பகல் சோறு தின்றுவிட்டு ஊர் முழுக்கக் கண்ணயருகிற நேரத்தில் வாப்பா பின்வளவுக்குப் போய், கிணற்றுக்குத் தெற்கே நாலு முளை அடித்து, முளைகளைச் சுற்றிக் கயிறு பிடித்து, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியால் வெட்டத் தொடங்கினார். முப்பது வருஷமாக நெல் வியாபாரம் செய்கிற வாப்பா மண்வெட்டி பிடித்து நான் கண்டதில்லை. குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கிடுகு வேலிக்கு மேலால் அடுத்த வளவு ஸம்ஸியா மாமியின் தலை வந்தது. அவ நம் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவ. அள்ளுகிற தண்ணீரைவிடக் கூடுதலாகச் செய்தி கொண்டு போகிறவ.

"என்ன காக்கா, அத்திவாரமா?"

வாப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓம், ஓம். அத்திவாரந்தான்" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ். மாப்புள ஆரு?"

"பாப்பம், பாப்பம்."

மாமா, கொழும்பில் கடைக்காரர்களுக்கு நடுவே இருந்து நீங்கள் நம் ஊர் முறையை மறந்திருக்க மாட்டீர்கள். கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணின் வளவில் தகப்பன் கயிறு பிடித்துக் குழி வெட்டினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். பெண்ணுக்கு வீடு எழும்பாமல் மாப்பிள்ளை வரமாட்டார். வீடு எழும்பத் தொடங்கிவிட்டால் மாப்பிள்ளையைத் தடுக்க முடியாது. அஸர் தொழுகைக்கு முன் செய்தி பக்கத்து ஊர் சாய்ந்தமருதுக்குப் போய்விட்டது. மறுநாள் மேசன் ஒருவர் கையில் முழக்கோலோடு வந்து, "வேற ஆளுக்குக் குடுத்திராதீங்க ஹாஜியார்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹஜ்ஜுக்குப் போகாத வாப்பாவை ஹாஜியார் என்று அவர் கூப்பிட்டபோது வாப்பா மறுக்கவில்லை. செங்கல் சூளைக்காரர் வந்தார். உம்மா வாப்பாவிடம், "எனக்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லாம என்ன இது?" என்று கேட்டா. "நீ சும்மா இரி. பொம்புளயள்ட வாய்க்குப் போனா வேலிக்கு அங்கால போயிரும்" என்பது பதில். உம்மாவுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அன்று பின்னேரம் பெட்டகத்தைத் திறந்து கல்யாணச் சேலைகளை வெயிலில் போட்டா. உம்மாவையும் நான் சந்தேகிக்கிறேன்.

இப்போது சில அத்தாட்சிகள். ஒன்று, வாப்பா சுருட்டை விட்டுவிட்டார். நான் பிறந்தபோதும் சுருட்டு, வாப்புப்பா மௌத்தானபோதும் சுருட்டு, வெள்ளம் வந்தபோதும் கூரையில் இருந்து சுருட்டு. அந்த மனிதர் குழி வெட்டிய நாளிலிருந்து சுருட்டைத் தொடவில்லை. வளவுக்குள் வேறு யாரும் பற்ற வைக்கவும் விடுவதில்லை. சீதனத்துக்குச் சேமிக்கத் தொடங்கிவிட்டார் என்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? பிறகு, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் கட்டி கட்டியாகக் காணாமல் போகிறது. உம்மா ஸம்ஸியா மாமியைச் சந்தேகிக்கிறா. நானோ வாப்பாவின் சட்டைப் பையில் சவர்க்காரத் தூளைக் கண்டேன். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால் ஒரு மனிதர் இத்தனை தடவை கை கால் கழுவ வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மாப்பிள்ளை யார் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். அக்கரைப்பற்று அதாவுல்லா என்பவர். நெல் லொறி ஒன்று வைத்திருக்கிறார். பெற்றோல் இல்லாமல் லொறி சந்தியில் நிற்கிறதாம். அதைச் சாட்டாக வைத்து நெல் விலை கதைக்க என்று இரண்டு கிழமைக்குள் நாலு தடவை வந்துவிட்டார். வருகிறவர் வாப்பாவின் முகத்தைப் பார்த்து நெல் விலை கேட்பதில்லை. கதிரையில் இருந்தபடி பின்வளவுப் பக்கமே பார்க்கிறார். பின்வளவுப் பக்கத்தில் குசினி இருக்கிறது. குசினியில் நான் இருக்கிறேன். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. ஒரு நாள், "மாமா, ஒருக்காக் கிணத்தடிக்குப் போயிட்டு வாறன், கை கழுவோணும்" என்று கேட்டார். வாப்பாவை 'மாமா' என்று கூப்பிட்டதைக் கவனியுங்கள். வாப்பா பாய்ந்து எழும்பி, "நீங்க இரிங்க தம்பி, தண்ணி இஞ்ச வரும்" என்று தடுத்தார். கல்யாணத்துக்கு முன் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்ற ஒழுங்காவது வாப்பாவிடம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உம்மா தேத்தண்ணி அனுப்பினா. ஊற்றியது நான். அவர் கோப்பையைக் கையில் எடுத்து, குடிக்காமல், மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடி நெடுநேரம் மணந்தார். பிறகு புன்னகை செய்தார். "தேத்தண்ணி நல்ல வாசம் மாமா. எந்தக் கிணத்துத் தண்ணி?" என்றார். யார் ஊற்றியது என்பதை இப்படிச் சுற்றிக் கேட்கிற ஆள். வாப்பாவின் முகம் கறுத்துவிட்டது. நான் குசினிக்குள் நின்று முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன்.

அந்த வாசத்தைப் பற்றியும் எழுத வேண்டும். மாரி மழை தொடங்கியதிலிருந்து வீட்டில் எல்லாம் பெற்றோல் மணக்கிறது. நம் மணல் பூமியில் நாலு நாள் மழை பெய்தால் கிணறு வாய் வரைக்கும் நிரம்பிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இந்த முறை நிரம்பிய தண்ணீரின் மேலே நிறம் நிறமாக ஏதோ மிதக்கிறது. சோறு மணக்கிறது. ஆணம் மணக்கிறது. தொழுகைக்கு உளூச் செய்தால் கை மணக்கிறது. ஸம்ஸியா மாமி வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள, உங்கட கிணத்துக்குள்ள வானவில்லு விழுந்து கிடக்கு, நல்ல காரியம் நடக்கப்போற வளவுதான்" என்று சொல்லி இரண்டு குடம் கூடுதலாக அள்ளிக்கொண்டு போனா. நான் அப்படி மயங்குகிறவள் இல்லை. யோசித்துப் பார்த்தேன். பெற்றோல் மணக்கிற தொழில் யாருக்கு? லொறிக்காரருக்கு. கிணற்றடிக்குப் போகத் துடித்தவர் யார்? லொறிக்காரர். நான் காணாத நேரத்தில் அவர் பின்வளவுக்கு வந்து அத்திவாரத்தைப் பார்த்துவிட்டு, லொறி எண்ணெய்க் கையை நம் வாளியில் கழுவிவிட்டுப் போகிறார். வாப்பாவின் சாரனிலும் அதே மணம் இருப்பதால் இருவரும் சந்தித்துக் கதைக்கிறார்கள் என்பது நிச்சயம்.

ஆகவே நான் வந்திருக்கிற முடிவு இது. வாப்பா வாங்கிய பெற்றோல் எல்லாம் அதாவுல்லாவின் லொறித் தொட்டிக்குள் போய்விட்டது. வேறு தகப்பன்மார் காணியும் வீடும் நகையும் சீதனம் கொடுப்பார்கள். வாப்பா காலமறிந்து பெற்றோல் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை வரும்போது ஈர்க்கைக் காட்டி, "என்ன செய்யிற மகள், சூயஸ் மூடிட்டுதே" என்பார். பஸ்ஸில் போகவும் விடமாட்டார். நானும் "ஓம் வாப்பா" என்பேன். தை பிறக்கும்போது மட்டக்களப்பில் வேறு யாரோ ஒருத்தி பாடம் சொல்லிக் கொடுப்பாள். நான் அத்திவாரத்துக்கு மேல் எழும்பிய வீட்டில் லொறிக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பேன்.

மாமா, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இது கிடைத்த உடனே வாப்பாவுக்குத் தந்தி அடியுங்கள். ஆங்கிலத்தில் அடியுங்கள், அப்போதுதான் வாப்பா அதை என்னிடம் வாசிக்கத் தருவார், நான் தேவையானபடி மொழிபெயர்த்துக்கொள்வேன். முடிந்தால் புதன்கிழமைக்கு முன் பெற்றோல் உள்ள வாகனம் ஒன்றோடு நீங்களே வாருங்கள். கடிதத்தை அனுப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தபால்காரரும் வாப்பாவும் சேர்ந்து வெற்றிலை போடுகிறவர்கள். நம்பிக்கையான கை ஒன்று கிடைக்கும்வரை இது என் சான்றிதழ்களுக்கு நடுவே இருக்கும்.

மாமிக்கு என் ஸலாமைச் சொல்லுங்கள். உங்கள் கடையில் பறக்கத்தும், உங்கள் உடம்புக்கு நல்ல ஹயாத்தும், உங்கள் மருமகளுக்கு ஒரு நாளைக்கு மட்டும் கொஞ்சம் பெற்றோலும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
உங்களைத் தவிர வேறு ஒருவரையும் நம்பாத மருமகள்,
மீ. ஜுனைதா

பி.கு.: மட்டக்களப்பு, 6.12.1956, வியாழக்கிழமை. மாமா, உறையில் உள்ள முத்திரையைப் பார்த்ததும் உங்களுக்கு விளங்கியிருக்கும். தந்தி அடிக்க வேண்டாம். வரவும் வேண்டாம். மேலே எழுதியிருப்பதைக் கிழித்துவிடச் சொல்லியிருப்பேன். இதை வைத்தால்தான் கீழே எழுதுவது விளங்கும் என்பதால் சேர்த்தே அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பிறகு நடந்தது இது. ஸம்ஸியா மாமி யாரும் கேட்காமலே பள்ளி லெப்பையிடம் போய், "மீராசாஹிபு காக்காட ஊட்ட அத்திவாரத்துக்கு ஒரு துஆ ஓதுங்க, அவரு வெக்கத்தில சொல்றாரில்ல" என்று சொல்லியிருக்கிறா. லெப்பை வந்தார். மேசன் வந்தார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அதாவுல்லாவும் எங்கிருந்தோ வந்து நின்றார். நான் குசினி ஜன்னலில் நின்று, இத்தோடு என் காரியம் முடிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். லெப்பை சாம்பிராணிச் சட்டியில் நெருப்பை ஊதிக்கொண்டு குழியை நோக்கி நடந்தார். வாப்பா அதைக் கண்டார்.

"லெப்பை, நெருப்ப எடுங்க. அங்கால எடுங்க எண்டு சொல்றன்."

லெப்பை நிற்கவில்லை. வாப்பா பாய்ந்து அவர் கையிலிருந்த சட்டியைப் பறித்துக்கொண்டு, சாரன் தடக்கத் தடக்க ஓடி, வாசலைக் கடந்து, ரோட்டின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து மூச்சு வாங்கினார். லெப்பைக்கு மனம் நொந்துவிட்டது. "சாம்பிராணி கூடாதெண்டு சொல்ற புதுக் கொள்கையில நீங்களும் சேந்திட்டீங்களா மீராசாஹிபு?" என்று மெல்லக் கேட்டார்.

"கொள்க இல்ல லெப்பை. பெற்றோல். கீழ பெற்றோல் கிடக்கு."

அடுத்த கணம் வளவில் ஒருவரும் இல்லை. லெப்பையும் ஓடினார். கொஞ்ச நேரம் வாப்பாவும் குழியும்தான் மிச்சம். பிறகு ஓடிய அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள், கையில் போத்தலோடும் வாளியோடும். முதலில் வந்தது ஸம்ஸியா மாமி, குடத்தோடு. "உனக்கு என்னத்துக்குகா பெற்றோல்?" என்று உம்மா கேட்டா. "ஒரு நேரத்துக்கு ஒதவும்தானே" என்றா மாமி. அவவுக்குப் பின்னால் வரிசை ஒன்று தானாகவே உண்டாகி வாசல் வரைக்கும் போனது. வாப்பா குழிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தருக்கும் ஒரு சொட்டும் இல்ல. எண்ட மகள் வியாழக்கிழம மட்டக்களப்புக்கு இண்டவியூவுக்குப் போகோணும். பி.ஏ. படிச்ச புள்ள. சூயஸ் மூடினாலும் சரி, கடலே மூடினாலும் சரி, அவ போகோணும். பதுக்கலெண்டு விதானை வந்து தேடினாலும் அம்புடக் கூடாதெண்டு பொதச்சி வெச்ச பெற்றோல் இது. போங்க எல்லாரும்."

மாமா, எனக்குப் பி.ஏ. கிடைத்தபோதுகூட வாப்பா அதை இவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை. நான் ஜன்னலை விட்டு விலகிக் குசினிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பிறகு வாப்பா உள்ளே வந்தார். "உண்ட வாயில இருந்து ஒண்டும் வெளிய போகா, அது தெரியும். உண்ட மூஞ்சில எல்லாம் தெரிஞ்சிரும். அதான் சொல்லல்ல" என்றார். எவ்வளவோ சொல்ல நினைத்தேன். "ஓம் வாப்பா" என்றேன்.

குழியைத் தோண்டினால் மூன்று தகரம்; கார்த் தொட்டியில் இருந்ததும் அதற்குள்தான். மட்டக்களப்புக்குப் போய்வர ஒன்று தாராளம். மற்றது போகிற வழியில் சிந்தினால் என்று, மூன்றாவது அதுவும் சிந்தினால் என்று. தகரங்களின் வாயை வாப்பா சவர்க்காரத்தால் அடைத்திருந்தார். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது என்று குணம் சொல்லிக் கொடுத்தானாம். தண்ணீரில் கரையும் என்பதை அவன் சொல்லவில்லை; வாப்பாவும் நினைக்கவில்லை. மாரித் தண்ணீர் மணலுக்குள்ளால் ஏறி வந்து, சவர்க்காரத்தைக் கரைத்து, பெற்றோலை எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றில் விட்டுவிட்டு, தான் தகரத்துக்குள் குடியிருந்தது. வாப்பா ஒரு தகரத்தைச் சரித்துப் பார்த்துவிட்டு அந்த மண்ணிலேயே குந்திவிட்டார். நான் வாப்பாவை அப்படிப் பார்த்ததில்லை.

அப்போது அதாவுல்லா முன்னால் வந்தார். "ரெண்டு கிழமையா இந்த மணத்தப் புடிச்சிக்கிட்டுத் திரியிறன் மாமா. தேத்தண்ணிக்குள்ளயும் மணந்திச்சி. எங்கயோ இரிக்கி எண்டு தெரியும், எங்க எண்டுதான் தெரியல்ல" என்றார். அவர் வந்ததெல்லாம் பெற்றோலுக்கு, மாமா. குசினிப் பக்கம் பார்த்ததெல்லாம் குழியைத்தான். 'மாமா' என்பதும் ஒன்றுமில்லை; தகரம் விற்கிறவனையும் அவர் மாமா என்றுதான் கூப்பிடுகிறாராம். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வேறு மாதிரியாகவும் இருந்தது. அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. லொறியிலிருந்து மெல்லிய தோல் துணி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் வழியாகத் தகரத்தில் இருந்ததை ஊற்றினார். அதில் பெற்றோல் இறங்கும், தண்ணீர் மேலே நின்றுவிடும். மூன்று தகரத்தையும் வடித்தெடுத்தால் ஒரு தகரத்துக்குச் சற்றுக் கூட வந்தது. கூடியதை அவருக்குக் கொடுக்க வாப்பா சம்மதித்தார். வடித்து முடியும்வரை அவர் ஒரு தடவையும் நிமிரவில்லை. பெற்றோல் வடிக்கும்போது கண்ணை எடுக்கக் கூடாதாம்.

இன்று விடிய வெளிக்கிட்டு வந்து சேர்ந்தோம். நேர்முகப் பரீட்சையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் சான்றிதழ்களைத் திறக்காமலே, "கல்முனையிலிருந்தா வாறீங்க? அங்க பெற்றோல் கிடைக்குதா?" என்று கேட்டார். மற்ற இருவரும் பேனையை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்கள். நான் 'ஓம் சேர்' என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஓம் என்றால் அடுத்து எங்கே என்று கேட்பார்கள். ஆகவே முழுவதையும் சொன்னேன், சவர்க்காரம் வரைக்கும். தை மாதம் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். உடனே சொன்னது எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. திரும்பிப் போகக் காருக்குள் இருப்பது போதும் என்று வாப்பா சொல்கிறார். இருந்தாலும் இந்த ஊர் ஷெட்டில் ஒரு வரிசையைக் கண்டுவிட்டு, எதற்கும் என்று போய் நிற்கிறார். நான் தபால் கந்தோர் வாங்கில் இருந்து இதை எழுதுகிறேன்.

வாப்பாவைச் சந்தேகித்தது பிழை. அதை எழுதி, கையொப்பமிட்டு, முடித்துவிடத்தான் இருந்தேன். ஆனால் வரும் வழியில் களுவாஞ்சிக்குடி தாண்டியபோது ஒன்று நினைவுக்கு வந்தது. முளை அடித்துக் கயிறு பிடித்தது ஸம்ஸியா மாமியின் தலை வேலிக்கு மேலே வருவதற்கு முன்னால். அத்திவாரம் என்று பொய் சொல்ல வேண்டிய தேவை அப்போது வாப்பாவுக்கு இருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, பாயில் படுக்கும்வரை காத்திராமல், அங்கேயே கேட்டேன்.

"வாப்பா, மூணு தகரத்துக்கு ஏன் நாலு மூலயும் கயிறு புடிச்சி, ஓர் அறைக்கட்டு அளவுக்குக் குழி வெட்டினீங்க?"

வாப்பா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

"கதை குடுக்காத மகள். ரோட்டப் பாத்து ஓட்டோணும்."

நான் திரையின் பொத்தலால் ரோட்டைப் பார்த்தேன், மாமா. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு வாகனமும் இல்லை. நாட்டில்தான் பெற்றோல் இல்லையே.